ஜன்னல் வியர்க்கும் காலம்

2025 அக்டோபர் 26, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 2 மணிக்கு பிரிட்டனின் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளப்பட்டன. ஆண்டுதோறும் அக்டோபரின் கடைசி ஞாயிறன்று நடக்கிற சடங்குதான். அன்று தொடங்கி லண்டனில் மாலை 5 மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும். கொடியில் காய்ந்த துணி வீட்டுக்குள் வந்துவிடும். கட்டிலுக்கடியில் கிடந்த கம்பளி வெளியே வரும். மறுநாள் திங்கட்கிழமை இங்கிலாந்தில் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. குறைந்த வாடகைக்கு வீடு தருகிற கவுன்சில்களும் ஹவுசிங் அசோசியேஷன்களும், சுவரில் பூஞ்சணம் என்று புகார் வந்தால் எத்தனை நாளுக்குள் ஆள் அனுப்ப வேண்டும், எத்தனை நாளுக்குள் ஆபத்தை நீக்க வேண்டும் என்று கெடு வைக்கும் விதி. அதற்கு ஒரு குழந்தையின் பெயரை வைத்திருக்கிறார்கள்: அவாப் சட்டம்.

அந்தக் குழந்தையிடம் பிறகு வரலாம்.

இந்தச் சொற்பொழிவுக்கு எடுத்துக்கொண்ட பொருள், பருவந்தோறும் வீடும் தோட்டமும் அக்கம்பக்கமும். தலைப்பைக் கேட்டதும் அவையில் சிலர் மனசுக்குள் கொட்டாவி விட்டிருப்பார்கள். ஹவுசிங் அசோசியேஷன் வீட்டில் இருப்பவர்களுக்கு இது பழகிப் புளித்த சமாச்சாரம். பருவத்துக்கு ஒன்றாகக் கதவின் தபால் துவாரம் வழியே வழவழப்பான சிற்றிதழ் ஒன்று வந்து விழும். அட்டையில் சிரித்த முகத்தோடு ஒரு பாட்டி, கையில் பூந்தொட்டி. உள்ளே, ரேடியேட்டர் மேல் துணி போடாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், வேலியைக் கத்தரியுங்கள், பழைய சோபாவைப் படிக்கட்டில் விடாதீர்கள். பலர் பிரிக்காமலே குப்பைத் தொட்டியில் போட்டுவிடுகிறார்கள். அது தவறு. அதைப் படிக்கத்தான் வேண்டும், ஆனால் கையில் பென்சிலோடு. ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் ஒரே கேள்வியை எழுதிக்கொள்ள வேண்டும்: இது யார் வேலை? குடித்தனக்காரர் வேலையா, வீட்டுக்காரர் வேலையா?

இந்தக் கேள்விக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல். லண்டனில் வியாபாரம் செய்து பெருஞ்செல்வம் சேர்த்த அமெரிக்கர் ஜார்ஜ் பீபாடி, 1862இல் நகரத்து ஏழைகளுக்காக ஓர் அறக்கொடை நிதியை ஏற்படுத்தினார். மொத்தம் 5 லட்சம் பவுண்டு கொடுத்தார். அதில் எழுந்த முதல் கட்டடம் 1864இல் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் திறக்கப்பட்டது. இன்று இங்கிலாந்தில் கவுன்சில் வீடுகளையும் சேர்த்துச் சுமார் 40 லட்சம் குடும்பங்கள் இப்படிக் குறைந்த வாடகை வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் ஹவுசிங் அசோசியேஷன்களின் வீடுகள். அந்த மரத்தின் வேர்களில் ஒன்று பீபாடியின் நிதி. அன்றே வீட்டோடு விதிகளும் வந்தன. குடும்பத்தில் எல்லோரும் அம்மை குத்திக்கொண்டிருந்தால்தான் அறை கிடைக்கும். நடையையும் படிக்கட்டையும் தினமும் காலை 10 மணிக்குள் கூட்டிவிட வேண்டும். சுவரில் காகிதம் ஒட்டக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது.

அடுத்து வந்தவர் ஆக்டேவியா ஹில். 1865இல், கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் போட்ட பணத்தில், மேரிலபோன் பகுதியில் மூன்று பாழடைந்த வீடுகளை எடுத்து நடத்தத் தொடங்கினார். போட்ட பணத்துக்கு 5 சதவீத வட்டி உண்டு என்பது ஏற்பாடு. வாராவாரம் அவரே படியேறி வாடகை வாங்கினார். பிறகு பல பெண்களை அந்த வேலைக்குப் பழக்கினார். வாடகைப் புத்தகத்தோடு வருகிற அம்மாளுக்கு எந்த வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்றும் தெரியும், எந்த வீட்டில் புருஷன் குடிக்கிறான் என்றும் தெரியும். குழாயைப் பழுது பார்த்துக் கொடுப்பார். குடிக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போவார். இரண்டும் ஒரே கையிலிருந்து வந்தன. வாடகை தவறினால் வெளியேற்றத் தயங்கியதும் இல்லை. இன்றைய சிற்றிதழில் எழுதுகிற கை, அந்தக் கையின் பேத்திதான். கனிவும் கண்காணிப்பும் எங்கே ஒட்டியிருக்கின்றன என்று பிரித்துப் பார்ப்பது இன்றும் சுலபமில்லை.

கேள்விக்குச் சட்டம் சொன்ன பதில்களில் ரசமானது 1953இல் வந்தது. வாரன் எதிர் கீன் என்ற வழக்கு. வார வாடகைக்குக் குடியிருந்த ஒருவர் வீட்டில் சுவரில் ஓதம் ஏறியிருந்தது, பெயின்ட் உதிர்ந்திருந்தது, பாய்லர் ஒழுகியது. வீட்டுக்காரர் பழுது பார்த்துவிட்டு, அந்தச் செலவைக் குடித்தனக்காரர் தர வேண்டும் என்று வழக்குப் போட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. நீதிபதி டென்னிங் அப்போது குடித்தனக்காரரின் கடமை என்ன என்று விளக்கியது கிட்டத்தட்ட ஒரு பருவகாலக் குறிப்பு மாதிரியே இருக்கும். குளிர்காலத்தில் வெளியூர் போனால் தண்ணீரை அடைத்துவிட்டு பாய்லரை வடித்துவிட வேண்டும். தேவைப்படும்போது புகைபோக்கியையும் ஜன்னலையும் துடைக்க வேண்டும். ஃபியூஸ் போனால் விளக்கைச் சரிசெய்ய வேண்டும். தன் வீட்டுக் கழிவால் சிங்க் அடைத்துக்கொண்டால் எடுத்துவிட வேண்டும். வீட்டை வேண்டுமென்றே பாழாக்கக்கூடாது. அவ்வளவுதான். வீடு பழசாகி இற்றுப்போவது அவர் கணக்கில் வராது.

மறுபக்கத்தை எழுதி வைத்தது 1985ஆம் ஆண்டின் வீட்டுக்காரர், குடித்தனக்காரர் சட்டம். அதன் 11ஆம் பிரிவு, குறுகிய கால வாடகை வீடுகளில் சுவர், கூரை, வெளிப்புறம் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு என்கிறது. கூரையோரத்து மழைநீர்த் தாரை, வடிகால், வெளிக்குழாய் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. தண்ணீர், கேஸ், மின்சாரம், கழிப்பறை, வீட்டைச் சூடாக்கும் கருவி, வெந்நீர்க் கருவி ஆகியவையும் அதே கணக்கு. இலையுதிர்காலத்தில் தாரையில் சருகு அடைத்து, மழைநீர் சுவரில் வழிந்து, உள்ளே படுக்கையறை மூலையில் கறை படிகிறது என்றால், ‘ஜன்னலைத் திறந்து வையுங்கள்’ அதற்கு மருந்தல்ல. ஏணியோடு ஆள் வர வேண்டும்.

ஆனால் ஓதமெல்லாம் ஒரே ஓதம் அல்ல. இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

தரையிலிருந்து ஏறுவது ஒன்று. வெளியிலிருந்து ஊறுவது ஒன்று. மூன்றாவது, வீட்டுக் காற்றிலிருந்தே சுவரில் படிவது. ஊரில் ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளர் வெளிப்புறம் வியர்க்குமே, அதேதான் இங்கே ஜன்னல் கண்ணாடிக்கும் நடக்கிறது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைச் சுமக்கும். 10 டிகிரிக்கு இறங்கினால் 9 கிராமுக்கு மேல் அதற்குத் தாங்காது. மிச்சத்தை அங்கேயே இறக்கி வைத்துவிடும். இறக்கி வைக்கிற இடம் வீட்டிலேயே குளிர்ந்த இடமாகத்தான் இருக்கும். கண்ணாடி, வெளிச்சுவர் மூலை, அதையொட்டிக் காற்றுப் புகாமல் நிற்கிற அலமாரியின் முதுகு. டிசம்பரில் பட்டுச்சேலை எடுக்க அலமாரியைத் திறந்தால் ஒரு மக்கிய வாடை வரும். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் இழுத்துப் பார்த்தால், மிளகுப்பொடி தூவிய மாதிரிக் கறுப்புப் புள்ளிகள்.

ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் டூட்டிங்கிலும் உள்ள தமிழ்ச் சமையலறைகளுக்கு ஆவி ஒன்றும் அந்நியமல்ல. இட்லி, புட்டு, இடியாப்பம், வடிக்கிற சோறு எல்லாமே ஆவியை நம்பிப் பிழைக்கிற பதார்த்தங்கள். மெஷினிலிருந்து எடுத்த ஒரு ஈட்டுத் துணியில் இரண்டு லிட்டர்வரை தண்ணீர் இருக்கும். வீட்டுக்குள் காயப்போட்டால் அத்தனையும் காற்றில்தான் ஏறும். ஆகவே சிற்றிதழ் சொல்வதில் உண்மை இருக்கிறது. பாத்திரத்தை மூடிச் சமைக்கலாம். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிடலாம். கரண்ட் ஆகும் என்று பயந்து சுவிட்சை அணைத்து வைக்கிறார்கள். வீட்டு ஃபேன் ஒரு மணி நேரம் ஓடினால் பொதுவாக ஒரு பென்னிகூட ஆகாது. ஜன்னலின் மேல்விளிம்பில் காற்று வர விட்டிருக்கும் கீற்றுத் துளையில் செலோடேப் ஒட்டியிருந்தால் பிய்த்துவிடலாம். புதிதாக வந்த சின்னத் திட்டு என்றால் பூஞ்சணக் கொல்லி மருந்து தொட்ட ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். காய்ந்த துடைப்பத்தால் தேய்த்தால் வித்துக்கள் அறை முழுக்கப் பறக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் பூஞ்சணம் திரும்பி வந்தால், கோளாறு இட்லிக் குண்டானில் இல்லை. 1960களில் எழும்பிய கான்கிரீட் அடுக்ககங்களில் குளிர் புகும் மூலைகள் கட்டும்போதே அமைந்தவை. ஃபேன் இல்லாத குளியலறை, காப்புறை இல்லாத வெளிச்சுவர், சூடேற்றக் கட்டுப்படியாகாத மின் ஹீட்டர், நான்கு பேருக்கு ஒரே படுக்கையறை. இவை எதுவும் குடித்தனக்காரர் தேர்ந்தெடுத்தவை அல்ல.

ராச்டேல், மான்செஸ்டருக்கு அருகே உள்ள பழைய நூற்பாலை நகரம். அங்கே ஒரு படுக்கையறை கொண்ட அடுக்கக வீட்டில், சூடானிலிருந்து வந்த ஓர் இளம் குடும்பம் இருந்தது. சுவரில் பூஞ்சணம் என்று தகப்பனார் முதலில் சொன்னது 2017இல். அதன்மேல் பெயின்ட் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். 2018 டிசம்பரில் அவாப் பிறந்தான். சமையலறையிலும் குளியலறையிலும் கறுப்பு படர்ந்துகொண்டே போனது. 2020 ஜூலையில் குடும்பத்தைப் பார்க்க வந்த சுகாதாரப் பணியாளர் கவலைப்பட்டு எழுதினார். குடும்பம் வழக்கறிஞர் மூலம் இழப்பீடு கேட்டிருந்தது. அந்த விவகாரம் முடியும்வரை பழுது பார்ப்பதில்லை என்பது வீட்டுக்கார நிறுவனத்தின் வழக்கம். 2020 டிசம்பர் 21 அன்று, இரண்டாவது பிறந்த நாள் முடிந்து எட்டாம் நாள், அவாப் இஷாக் இறந்தான். 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி, வீட்டுப் பூஞ்சணத்தை நீண்ட நாள் சுவாசித்ததால் வந்த கடும் சுவாச நோயே காரணம் என்று தீர்ப்பளித்தார்.

இதில் நெஞ்சை அறுக்கும் பகுதி இன்னொன்று. அந்த வீட்டு ஈரத்துக்குக் குடும்பத்தின் குளியல் பழக்கமே காரணம் என்று நிறுவனம் ஊகித்துக்கொண்டது. வாழ்க்கைமுறையைப் பற்றி அப்படி ஊகித்தது தவறு என்று பிறகு ஒப்புக்கொண்டது. வாளியில் தண்ணீர் பிடித்து மோந்து குளிக்கிற எந்த வீட்டுக்கும் இந்தச் செய்தியைப் படிக்கும்போது முதுகு சில்லிடாமல் இருக்காது. ‘உங்கள் சமையல், உங்கள் குளியல், உங்கள் துணி’ என்ற சொற்கள் சிற்றிதழில் அறிவுரை. புகார்க் கடிதத்துக்குப் பதிலாக வரும்போது அவையே குற்றச்சாட்டு. குடியிருப்புப் புகார்களைக் கேட்கும் ஆம்புட்ஸ்மன் அலுவலகம், தீர்ப்பு வருவதற்கு ஓராண்டு முன்பே, 2021 அக்டோபரில், ஓதத்தையும் பூஞ்சணத்தையும் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. ‘இது வாழ்க்கைமுறை அல்ல’ என்பதையே தலைப்பில் வைத்தது.

இனி அவாப் சட்டத்தின் கணக்கு. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் பார்த்துப் பாதுகாப்பாக்க வேண்டும். குறிப்பிடத்தக்க ஓதம், பூஞ்சணம் என்றால், தகவல் தெரிந்ததிலிருந்து 10 வேலைநாளுக்குள் நேரில் ஆராய வேண்டும். ஆராய்ந்து முடித்த 3 வேலைநாளில் என்ன கண்டோம் என்று எழுத்தில் தர வேண்டும். 5 வேலைநாளில் ஆபத்தை நீக்க வேண்டும். முடியாவிட்டால் நிறுவனத்தின் செலவில் வேறு தங்குமிடம் தர வேண்டும். இது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வடக்கு அயர்லாந்தில் சட்டங்கள் வேறு.

எல்லாக் கெடுவும் ‘தகவல் தெரிந்த நாள்’ என்ற ஆணியில் மாட்டியிருக்கிறது. ஆகவே போனில் சொல்லிவிட்டு விடக்கூடாது. சொன்ன கையோடு இரண்டு வரி மின்னஞ்சல், தேதி தெரிகிற படம், அவர்கள் கொடுத்த புகார் எண். இவ்வளவு போதும், ஆங்கிலம் அழகாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பதில் திருப்தியில்லை என்றால் முறைப்படி முதல் கட்டப் புகார். அதைப் பெற்றுக்கொண்டதாக அறிவித்த 10 வேலைநாளில் பதில் வர வேண்டும். இரண்டாம் கட்டத்துக்கு 20 வேலைநாள். அதுவும் ஆகாவிட்டால் ஆம்புட்ஸ்மன். அங்கே கட்டணம் கிடையாது.

குடித்தனக்காரரின் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. டென்னிங் சொன்ன சில்லறை வேலைகள். அக்டோபரில் ஹீட்டிங்கை முதல் முறையாகப் போடும்போது ரேடியேட்டரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அடியில் சூடு, மேலே சில்லென்று இருந்தால் உள்ளே காற்று மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். ஹீட்டிங்கை நிறுத்தி ஆறவிட்டு, மேல் ஓரத்துச் சதுர முளையில் அதற்கென்றுள்ள சிறு சாவியைப் போட்டு, அடியில் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு, இடப்பக்கமாக அரைச்சுற்று. புஸ்ஸென்று காற்று போகும். பிறகு கறுத்த தண்ணீர் சொட்டும். உடனே மூடிவிட வேண்டும். பாய்லர் முகப்பிலுள்ள முள் ஆறிய நிலையில் 1க்கும் 1.5க்கும் நடுவே நிற்கிறதா என்று ஒரு பார்வை. மேலே சூடு, அடியில் சில்லென்று இருந்தால் அது வேறு சங்கதி, உள்ளே சேறு தங்கியிருக்கிறது. அதற்குக் குடித்தனக்காரரின் சாவி உதவாது, நிறுவனத்தின் ஆள்தான் வர வேண்டும்.

உறைபனி இரவில் பாய்லர் களகளவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டால், பல தடவை குற்றவாளி வெளிச்சுவரில் இறங்கும் ஒரு பிளாஸ்டிக் குழாயாக இருக்கும். பாய்லரின் கழிவு நீர் சொட்டுச் சொட்டாக அதில்தான் போகிறது. குளிரில் அது உறைந்து அடைத்துக்கொள்கிறது. நூறாண்டில் காணாத குளிராக வந்த 2010 டிசம்பரில் நாடு முழுக்க இந்தக் கூத்து நடந்தது. குழாய் தரைமட்டத்தில் கைக்கு எட்டினால் வெதுவெதுப்பான நீரை மெல்ல ஊற்றலாம். கொதிநீர் கூடாது, குழாய் வெடிக்கும். எட்டாவிட்டால் நாற்காலி போட்டு ஏறாமல் போனை எடுப்பதே மேல். இன்னொன்று: வீட்டுக்கு வரும் தண்ணீரை மொத்தமாக அடைக்கும் வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் சிங்க்குக்கு அடியில், மண்ணெண்ணெய் காலத்துப் பழைய பைகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். குழாய் வெடித்த இரவில் அதைத் தேடினால் கிடைக்காது.

ஹீட்டிங் போடக் காசு வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, ஒரு வட்டாரத்தில் தொடர்ந்து 7 நாள் சராசரி வெப்பம் 0 டிகிரிக்கோ அதற்குக் கீழோ போனால், குறிப்பிட்ட உதவித்தொகை பெறுபவர்களுக்கு அரசு ஒவ்வொரு தடவையும் 25 பவுண்டு தருகிறது; ஸ்காட்லாந்தில் ஏற்பாடு வேறு. மின் கட்டணத்தில் 150 பவுண்டு கழிவு தரும் திட்டமும் உண்டு. வயதானவர், நோயாளி, கைக்குழந்தை இருக்கும் வீடுகள் மின் நிறுவனத்தின் முன்னுரிமைப் பதிவேட்டில் பெயர் சேர்த்துக்கொள்ளலாம். மின்வெட்டு வந்தால் உதவிக்கு முந்திக்கொள்வார்கள். வீட்டுக்குள் 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

குளிர் போய்த் தோட்டம் வருகிறது. ஊரில் ஆடிப்பட்டம் பார்த்து விதைப்பது போல, பிரிட்டனில் பெரிய வெள்ளியன்று உருளைக்கிழங்கு நடுவது பழைய வழக்கம். பெரிய வெள்ளி நிலாவைப் பார்த்து வருகிற நாள். மார்ச் 20க்கும் வரும், ஏப்ரல் 23க்கும் வரும். ஒரு மாதத்துக்கு மேல் முன்னே பின்னே ஆகிற பட்டம் இது ஒன்றுதான் போலிருக்கிறது. தக்காளிக்கும் பூசணிக்கும் இந்த நெகிழ்ச்சி கிடையாது. இங்கிலாந்தில் பல இடங்களில் மே மாதம் நடுவரை இரவுப் பனி விழும். ஒரே இரவில் நாற்று வதங்கிப்போகும். பச்சை மிளகாயை பிப்ரவரியிலேயே ஜன்னல் விளிம்பில், தயிர் டப்பாவில் விதைத்து, ஜூன் பிறந்த பிறகு வெளியே எடுப்பவர்கள் புத்திசாலிகள். வெந்தயக்கீரை மூன்று நான்கு வாரத்தில் கைக்கு வந்துவிடும். கொத்தமல்லி வெயில் ஏறினால் பூத்துக் கெட்டுவிடும்; கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளி விதைக்க வேண்டும். கறிவேப்பிலை மட்டும் வீட்டுப்பிள்ளை. இரவு 10 டிகிரிக்குக் கீழே போகத் தொடங்கியதும் தொட்டியோடு உள்ளே தூக்கிவிட வேண்டும். ஜனவரியில் இலையெல்லாம் கொட்டி மொட்டைக் குச்சியாக நிற்கும். செத்துவிட்டதென்று பிடுங்கி எறிந்தவர்கள் பலர். தண்ணீரைக் குறைத்து விட்டுவைத்தால் ஏப்ரலில் துளிர்க்கும்.

வேலி கத்தரிப்பதிலும் பருவம் உண்டு. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும் காலம். பயன்பாட்டிலுள்ள கூட்டைத் தெரிந்தே கலைப்பது 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு, கிராமப்புறச் சட்டப்படி குற்றம். ‘வேலியை வெட்டவில்லை’ என்று மே மாதம் நிறுவனத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தால், கூடு இருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பலாம். தோட்ட மூலையில் மூங்கில் மாதிரிக் கணுக்கணுவாக, சிவப்புப் புள்ளித் தண்டோடு எதுவும் வேகமாக முளைத்தால் தொடாமல் தகவல் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் அலங்காரச் செடியாக ஜப்பானிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுவரப்பட்ட நாட்வீடாக இருக்கலாம். வேரில் ஒரு துண்டு மண்ணில் தங்கினாலும் மறுபடி கிளம்பும்; வெட்டிக் குப்பையில் போட்டால் ஊர் முழுக்கப் பரவும்.

தோட்டம் வீட்டு வாடகையோடு சேர்ந்த விஷயம் என்பதை அன்றே உணர்ந்தவர்களில் ஒருவர் ஆக்டேவியா ஹில். சதர்க்கில் 1887இல் அவர் திறந்த ரெட் கிராஸ் தோட்டம் இன்றும் இருக்கிறது. ஒட்டினாற்போல் சிறு வீடுகளின் வரிசை, நடுவே குளம், பூப்பாத்திகள். ஓர் அறைக்குள் ஏழெட்டுப் பேர் அடைந்துகிடந்த காலத்தில், ஏழைகளுக்குத் திறந்தவெளி வரவேற்பறை வேண்டும் என்று வாதாடியவர் அவர். புத்தி சொல்லும் அம்மாளிடம் எரிச்சல்பட்டவர்களும் அந்தத் தோட்டத்துக்குப் போய் உட்காராமல் இருந்திருக்க மாட்டார்கள்.

கோடையைப் பற்றி இந்த அவைக்குச் சொல்லித்தர எதுவுமில்லை என்று நினைக்கத் தோன்றும். 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரின் கானிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது. பிரிட்டனில் 40ஐத் தாண்டியது அதுவே முதல் தடவை. வேலூர்க்காரருக்கு அது சாதாரண மே மாதம். ஆனால் வேலூர் வீட்டில் மேலே மின்விசிறி சுற்றும், எதிரெதிரே ஜன்னல் இருக்கும். லண்டன் அடுக்ககம் சூட்டைப் பிடித்து வைக்கவென்றே கட்டியது. பல வீடுகளில் ஒரே பக்கத்தில்தான் ஜன்னல். வெயில் வந்த மகிழ்ச்சியில் நடுப்பகலில் எல்லா ஜன்னலையும் திறந்து வைக்கிறார்கள் இந்நாட்டுக்காரர்கள். பகலில் திரையை இழுத்துச் சாத்தி, இரவில் திறந்துவிடுகிற ஊர்ப் பழக்கம்தான் இங்கே செல்லும். எதிர்வீட்டு வெள்ளைக்காரப் பாட்டிக்கு அதை ஒரு சொம்பு மோரோடு சொல்லிவிட்டு வரலாம்.

அக்கம்பக்கம் என்றதும் சிற்றிதழ்கள் ஜூன் மாதத் தெருவிருந்தைப் படம் போட்டுக் காட்டும். 2009இல் ஈடன் புராஜெக்ட் தொடங்கிய பிக் லஞ்ச் அப்படி ஒன்று; தெருவில் மேசை போட்டு எல்லோரும் தத்தம் வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுவருவார்கள். நல்ல விஷயம். ஆனால் ஆண்டு முழுக்க அக்கம்பக்கத்தாரோடு உரசுவது விருந்தில் அல்ல, நடைபாதையில். தமிழ் வீட்டு வாசலில் செருப்பு அடுக்கு இருக்கும். அடுக்ககத்தில் வாசல் என்பது பொது நடை. தீப்பிடித்தால் புகையில் தட்டுத்தடுமாறி வருகிறவர் கால் முதலில் இடறுவது அந்த அடுக்கில்தான். குழந்தை வண்டி, சைக்கிள், சார்ஜ் ஏறும் மின் ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் இதே கதை. சாம்பிராணி போடும் வெள்ளிக்கிழமைகளில் புகை அலாரம் கத்துகிறது என்று அதற்குப் பிளாஸ்டிக் பை மாட்டிவிட்டு, எடுக்க மறந்துவிடுகிறவர்கள் உண்டு. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுச் சாம்பிராணி போடலாம். பையை மட்டும் மாட்ட வேண்டாம்.

இங்கேயும் பென்சில் கேள்வி தொடர்கிறது. செருப்பு அடுக்கு குடித்தனக்காரர் பக்கம். நடையிலுள்ள தீத்தடுப்புக் கதவு தானாகச் சாத்திக்கொள்கிறதா என்பது கட்டடத்தை நிர்வகிப்பவர் பக்கம். 2023 ஜனவரி முதல், இங்கிலாந்தில் 11 மீட்டருக்கு மேல் உயரமான குடியிருப்புக் கட்டடங்களில் பொது நடைக் கதவுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்பது விதி. 2017 ஜூன் 14 இரவு 72 பேரைப் பலிகொண்ட கிரென்ஃபெல் கோபுரத்தில், தீப்பாதுகாப்பு சரியில்லை என்று குடியிருப்பவர்கள் பல மாதங்களுக்கு முன்பே எழுதியிருந்தார்கள். அவர்கள் எழுதியதைத் தொந்தரவாகப் பார்த்தார்களே தவிர, தகவலாகப் பார்க்கவில்லை.

மார்ச்சின் கடைசி ஞாயிறன்று கடிகாரம் மறுபடி முன்னுக்குப் போகும். அன்று காலையில் ஒரு மணி நேரத் தூக்கம் பறிபோன எரிச்சலோடு பலர் எழுந்திருப்பார்கள். ஜன்னல் விளிம்பில் தயிர் டப்பாக்களில் மிளகாய் நாற்று இரண்டிலை விட்டிருக்கும். கண்ணாடி காய்ந்திருக்கும். வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே படுக்கையறை அலமாரியை இரண்டு பேர் பிடித்து இழுத்து, பின்சுவரை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், தேதியோடு. சுத்தமாக இருந்தாலும் எடுக்க வேண்டும். அடுத்த அக்டோபரில் ஏதாவது தெரிந்தால், முன்பு அங்கே இல்லை என்று காட்ட அது ஒன்றுதான் கையில் இருக்கும்.